பிளாஸ்டிக் கவரில் வந்த தாலி

சிஸ்டர், போன வாரம் ஒரு பிளாஸ்டிக் கவர் என் கைக்கு வந்தது. உள்ளே என் வீட்டுக்காரியின் தாலி இருந்தது.

துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மைசூரிலேயே வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாம் இருந்த ஆஸ்பத்திரி இல்லை, அங்கே உங்கள் பேர் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. முகத்தை மூடிய ஒரு பெண் வந்தாள், கவரை நீட்டினாள், கூடவே ஒரு காகிதம். “கைநாட்டு வைங்க தாத்தா” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கவர் வாயைப் பிரித்ததும் ஸ்பிரிட் வாசனையோடு கலந்து மஞ்சள் கயிற்றின் வாசனை வந்தது. வீட்டுக்காரியின் கழுத்து வேர்வையும் அதில் இருந்தது. என் வலது கை தானாக மூடிக்கொண்டு மேலே போய்விட்டது.

நான் யாரிடம் பேசுவேன்? உங்களிடம்தான் பேசவேண்டும். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். தாளவாடிப் பக்கத்துப் பெண், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் சொல்கிறபடியே எழுது, அழகு பண்ணாதே என்று சொல்லியிருக்கிறேன்.

கேஷுவால்டி வாசலில் காவலுக்கு நான் நின்ற காலத்தில் பார்க்காத அடி இல்லை. ஊசி போடத் தாமதமாகிவிட்டது என்று ஒருவன் ஒரு சின்ன நர்ஸின் ஜடையைச் சுருட்டிப் பிடித்து மருந்து வண்டியில் அவள் நெற்றியை இடித்தான். டிரிப் ஏற்றும் கம்பியைப் பிடுங்கி இன்னொருவன் சுற்றினான், அது என் விலாவில் விழுந்தது, மழைக்காலத்தில் இப்போதும் அங்கே பிடித்துக்கொள்ளும். மண்டை உடைந்து வந்த குடிகாரன் ஒருவன், துடைக்க வந்த நர்ஸின் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அவன் தாடையை நான் இரண்டு கையாலும் பிளந்துதான் எடுத்தேன். அந்தப் பெண் குழாயில் கையைக் கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு, அதே ஆளின் மண்டைக்குத் தையல் போட நூல் எடுத்துக் கொடுத்தாள். நீங்கள் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் மேல்படிப்புக்கு நர்ஸ்களை அடிக்கிற விஷயத்தையே எடுத்துக்கொண்டீர்கள். மைசூர் மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்த, தினம் சர்ச்சுக்குப் போகிற, சத்தமாகப் பேசாத ஒரு அம்மா இதை ஆராய்ச்சி பண்ணுவார் என்று யாரும் நினைக்கவில்லை. காலேஜில் உங்களுக்கு வழிகாட்டிய மேடம் முதலில் எண்ணிக்கை கொண்டுவரச் சொன்னார்கள். கேள்வித்தாள் அடித்து எல்லா நர்ஸ்களுக்கும் கொடுத்தீர்கள். உங்கள் மேல் யாராவது தாக்குதல் நடத்தியிருக்கிறார்களா, உண்டு, இல்லை.

காகிதங்களை வாங்கிக்கொண்டு நேராக என் ஸ்டூலுக்குத்தான் வந்தீர்கள். முகம் சிவந்திருந்தது.

“பாருங்க அண்ணா. நம்ம ஆஸ்பத்திரியில யாரும் யாரையும் அடிக்கறதே இல்லையாம். நாம ரெண்டு பேரும் சொர்க்கத்துல வேலை பாக்கறோம்.”

“கடி வாங்குன புள்ள என்னங்க போட்டுருக்குது?”

“இல்லைன்னுதான் போட்டிருக்கா. கேட்டேன். அவரு போதையில கடிச்சாரு சிஸ்டர், அது பேஷண்ட் தானே, தாக்குதல்னா போலீஸ் வரணும்ல, அப்படீங்கறா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. போலீஸ் வந்தால்தான் அடி, இல்லாவிட்டால் அது டியூட்டி. அந்தப் பெண்கள் அப்படித்தான் நினைத்தார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வேறு காகிதம் தயார் பண்ணினீர்கள். முடியைப் பிடித்தார்களா, தள்ளினார்களா, துப்பினார்களா, கையை முறுக்கினார்களா, அப்போது நீங்கள் எந்த இடத்தில் நின்றிருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாக. காவல்காரர்களுக்கும் உண்டு என்று என்னிடமும் வந்து உட்கார்ந்து படித்துக் காட்டினீர்கள்.

“வேலையில பயம் வந்திருக்கா அண்ணா? ஒருபோதும் இல்லை, எப்பவாவது, அடிக்கடி, எப்பவுமே. எதுல டிக் போடட்டும்?”

“பயமுங்களா? அன்னைக்கு ஒருத்தன் அருவாளோட வந்தானே, குண்டலுபேட்டையில வெட்டிப்போட்டு, வெட்டு வாங்குனவன் இங்க படுத்துருக்கான்னு தேடிக்கிட்டு...”

“சொல்ப இருங்க, கொஞ்சம் இருங்க அண்ணா. கதை அப்புறம். இப்ப டிக் மட்டும்.”

“அருவாளுக்கு எந்தக் கட்டமுங்க?”

“அருவாளுக்குக் கட்டம் இல்லை.”

“அப்பறம் என்ன பேப்பருங்க இது?”

அப்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. “இது எத்தனைன்னு சொல்லும், எங்கேன்னு சொல்லும். ஏன்னு இதுக்குத் தெரியாது. அதைக் கேக்க இன்னொரு நாள் வருவேன். அன்னைக்கு உங்க வாயை மூட மாட்டேன்.”

எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் பட்டது. எங்கே என்று எனக்குத் தெரியாதா? என் வாசல்தான். ஏன் என்றும் தெரியும். சாராயம்தான். ஆனால் நீங்கள் கூட்டிப் பார்த்துவிட்டு வந்து, அடி அதிகம் விழுகிற இடம் மாடியில் ஆபரேஷன் தியேட்டர் வாசல் என்றீர்கள். அதுவும் பகலில். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

“குடிச்சவன் எவனும் மேல ஏற முடியாதுங்க. நான் உடறதே இல்லியே.”

“அதான் அண்ணா எனக்கும் புரியல. குடிக்காதவங்கதான் அடிச்சிருக்காங்க. அதுவும் ஒரு சண்டை சத்தம் முன்னாடி கேக்காம, திடீர்னு.”

அந்தப் புரியாத விஷயம் உங்கள் காதில் வந்து விழுந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஹனூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் நிறைமாத மனைவியைக் கொண்டுவந்தான். அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. “ஏனுங்க, பிரசவத்துக்கு எங்கீங்க போறது?” என்றான். என் ஊர் கௌதள்ளியை விட்டு வந்து எத்தனை காலம் ஆனாலும் நம் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும். நானே ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன். “பயப்படாத சாமி, மேல நல்ல சிஸ்டர் இருக்காங்க” என்றேன். உங்களைத்தான் சொன்னேன். அவன் கையில் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க் இருந்தது. அவளுக்குப் பால் என்றான். அவன் மாமன் ஒருவரும் கூட வந்தார். இரண்டு பேர் வாயிலும் சாராய வாசனை இல்லை. மோந்து பார்த்துத்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து கண்ணாடி உடையும் சத்தம். பிறகு பெண்கள் கத்தும் சத்தம். படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

மாமன் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன நர்ஸ் வண்டிக்கு அடியில் புகுந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துப்பட்டி வழியாக இறங்கி வெள்ளை உடுப்பில் பரவியிருந்தது. அந்தப் பையன் ஃபிளாஸ்க்கை மறுபடியும் ஓங்கினான். நீங்கள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ஏனென்றால் உங்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது, அதைக் கீழே போட்டுவிடாமல் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் அவன் முழங்காலுக்குப் பின்னால் தடியால் அடித்தேன். மடிந்து விழுந்தான். விழுந்தவன் வாயில் அடித்தேன். பல் தெறித்துச் சுவரில் பட்ட சத்தம் இப்போதும் கேட்கிறது. கழுத்தில் காலை வைத்து அழுத்தினேன். கொன்றே இருப்பேன் சிஸ்டர். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை, நீங்கள்தான் வருத்தப்பட்டீர்கள்.

அந்த நேரம் பார்த்துத் தியேட்டர் கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள். வெளியே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே, “அம்மா நல்லா இருக்காங்க. அப்பா யாரு?” என்றாள்.

என் காலுக்குக் கீழே கிடந்தவன்தான் அப்பா.

உங்களை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். மேனேஜர் வந்து பார்த்தார். எல்லா வாசலுக்கும் இரும்புக் கிரில் போடுகிறோம், ஜிம் பையன்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. போலீஸ் வந்து கேட்டபோது நீங்கள் புகாரில் கையெழுத்துப் போட்டீர்கள். மன்னித்துவிடுவீர்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள், சர்ச்சுக்குப் போகிற அம்மா என்று. நீங்கள் மன்னிக்கவில்லை. ஆனால் கட்டோடு எழுந்து உட்கார்ந்து, “அவனை நான் பாக்கணும் அண்ணா. ஆட்டோ கூப்பிடுங்க” என்றீர்கள்.

“எதுக்குங்க? இன்னொரு காதும் வேணுமாமா அவனுக்கு?”

“ஏன்னு கேக்கணும்.”

ஸ்டேஷனில் அவன் சுவர் ஓரமாகக் குந்தியிருந்தான். வாய் வீங்கி, பேச்சு குழறியது. உங்களைப் பார்த்ததும் தலையைத் தொங்கப்போட்டான். நீங்கள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தீர்கள். நான் தடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

“நான் உன்னை ஏதாவது திட்டினேனா தம்பி?”

“இல்லீங்க.”

“ஏதாவது தப்பா சொன்னேனா?”

“ஒண்ணும் சொல்லலீங்க. கையெழுத்துப் போடுன்னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க.”

“அப்புறம் ஏன்?”

அவன் அழவில்லை. தலையை நிமிர்த்தினான். “தாலி கழுத்தை உட்டு எறங்கோணும்னா, ஒண்ணு நான் சாகோணும், இல்ல அவ சாகோணும். நான் உசுரோட நிக்கறனுங்க. அப்ப செத்தது யாருங்க?”

அங்கே நின்ற கன்னடக்கார கான்ஸ்டபிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என் கை தடியிலிருந்து நழுவியது.

ஆபரேஷனுக்கு முன்னால் நகை எல்லாவற்றையும் கழற்றிக் கவரில் போட்டு வீட்டாரிடம் கையெழுத்து வாங்குவது ஆஸ்பத்திரி வழக்கம். முன்னே ஒரு வளையல் காணாமல் போய் ஒரு நர்ஸைத் திருடி என்றதிலிருந்து அது ரொம்பக் கட்டாயம். அவசரக் கேஸ் என்றால் உள்ளே வைத்தே கழற்றுவார்கள். வெளியே நிற்கிறவனுக்குக் கதவு திறக்கும், தாலி மட்டும் வரும். நீங்களே எத்தனையோ பேருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கீழ் வாசலில் நின்றவன், அந்தக் கவரைப் பார்த்ததே இல்லை.

நீங்கள் எழுந்திருக்கும்போது சொன்னீர்கள். “அடிச்சது அடிச்சதுதான் தம்பி. கேஸ் நடக்கும். நீ இப்ப சொன்னதை நான் என் படிப்புக்கு எழுதிக்கலாமா? வேண்டாம்னா எழுத மாட்டேன்.”

காதைக் கிழித்தவனிடம் அனுமதி கேட்கிறீர்கள்.

“எழுதிக்கோங்க. என் பேரு வேண்டாமுங்க.”

“பேரு வராது.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் உங்கள் இடது பக்கம் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தேன். நீங்கள் பதிலே பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, “இந்தப் பக்கம் வந்து உக்காருங்க அண்ணா. அந்தப் பக்கம் எதுவுமே கேக்கல” என்றீர்கள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் சொன்னபடியே ஒரு நாள் கதை கேட்க வந்தீர்கள். அருவாள்காரன், கடித்தவன், கம்பி சுற்றினவன், எல்லோரையும் சொன்னேன். நான் எந்த அடியையும் மறந்தவன் இல்லை, எந்தக் கையில் ஓங்கினான் என்பதுவரை சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். “அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?” அடித்தான் என்பேன். “அதுக்கும் முன்னாடி அண்ணா.” எனக்கு எரிச்சலாக வந்தது. அடியை நான் பார்த்தேன். அதற்கு முன்னால் அவன் எவ்வளவு நேரம் நின்றான், யார் அவனிடம் என்ன சொல்லாமல் போனார்கள் என்பதை எல்லாம் எவன் பார்ப்பான்? ஆனாலும் நீங்கள் வலது காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தீர்கள். அப்படி ஒருவர் காத்திருந்தால் ஏதாவது ஞாபகம் வரத்தான் செய்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். கடித்தவனுக்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. அவன் கடித்தான், அவ்வளவுதான். அதையும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

தியேட்டர் வாசலில் அடித்த மற்றவர்கள் வீட்டுக்கும் பஸ் ஏறிப் போனீர்கள். கொள்ளேகால், குண்டலுபேட்டை, எங்கெங்கோ. சிலர் கதவைச் சாத்தினார்கள். திறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கவரைத்தான் சொன்னார்கள்.

நீங்கள் கண்டுபிடித்ததைச் சொல்ல ஆஸ்பத்திரியில் மீட்டிங் நடந்த அன்று நான் கதவோரம் காவலுக்கு நின்றேன். கிரில்லுக்கு ஆட்கள் வந்து அளவெடுத்துப் போயிருந்தார்கள். நீங்கள் முதலில் எண்ணிக்கையைச் சொன்னீர்கள், எந்த வாசல், எந்த நேரம், குடித்தவர் எத்தனை பேர் என்று. அதுவரை எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அந்தப் பையன் சொன்னதைப் படித்தீர்கள். பெரிய டாக்டர் ஒருவர், “இதெல்லாம் கதை சிஸ்டர். அடிச்சவன் தப்பிக்க ஒரு கதை சொல்லுவான்” என்றார். உங்கள் மேடமும் உட்கார்ந்திருந்தார்கள், எண்ணிக்கைத் தாளையே புரட்டிக்கொண்டு.

நீங்கள் தலையில் சுற்றியிருந்த ஸ்கார்ஃபைத் தள்ளிக் காதைக் காட்டினீர்கள். “இந்தக் காது என் கணக்குல ஒண்ணு சார். இது எப்படிப் போச்சுங்கறது கதை. இதுல எதை விட்டுடலாம்னு சொல்லுங்க, விட்டுடறேன்.”

கேஷுவால்டிக்குக் கிரில் வந்தது. தியேட்டர் வாசலுக்கு வரவில்லை. அங்கே வழக்கம் மாறியது. உள்ளே போகும் முன்னாலேயே அந்தப் பெண் தன் கையால் தாலியைக் கழற்றித் தன் ஆளிடம் கொடுக்கவேண்டும். கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று கேட்டால் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு. அவசரத்தில் உள்ளே கழற்றினால், வெளியே வருகிற நர்ஸ் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் கவரை எடுக்கவேண்டும். என் வாசலில் அடி நின்றபாடில்லை. நான் வேலையை விடும்வரை வாங்கினேன், கொடுத்தேன். மாடியில் மட்டும் அந்தச் சத்தம் அப்புறம் கேட்கவில்லை. அந்தப் பையன் கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்தான்.

உங்கள் சாவைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்லுவார்கள்? மண்டி மொஹல்லா சந்தில் காய்கறிப் பையோடு நடந்து போனீர்கள். இடது பக்கமிருந்து பைக் வந்தது. “அவ்வளவு ஹார்ன் அடிச்சும் அம்மா திரும்பவே இல்ல” என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார். தலை சாக்கடைக் கல்லில் அடித்திருந்தது. ரத்தம் மறுபடியும் அதே பக்கம். போலீஸ்காரரிடம் நான் போய் நின்றேன். இது இன்றைக்கு நடந்தது இல்லீங்க, அன்றைக்கே நடந்தது, அந்தக் காது இருந்திருந்தால் திரும்பியிருப்பார்கள் என்றேன். கிழவன் துக்கத்தில் உளறுகிறான் என்று தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ரோடு விபத்து என்று எழுதிக்கொண்டார். எண்ணுகிறவர்கள் உங்களை அந்தக் கட்டத்தில்தான் எண்ணுவார்கள். அந்த ஃபிளாஸ்க் அத்தனை வருஷம் பறந்து வந்து மண்டி மொஹல்லாவில் விழுந்தது என்பது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். ஆத்திரம் தாங்காமல் அந்த பைக்கை ஸ்டேஷன் வாசலில் கல்லைப் போட்டு நொறுக்கினேன். விளக்கு, கண்ணாடி எல்லாம் போயிற்று. நீங்கள் இருந்திருந்தால், அதுக்கு முன்னாடி என்ன நடந்தது அண்ணா என்று கேட்டிருப்பீர்கள்.

போன வாரம் என் கை மேலே போனபோது கவர் கொண்டுவந்த அந்தப் பெண் ஓடவில்லை. கவரைக் கீழே போடாமல் மார்போடு பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடது காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ அவளை முன்னமே அடித்திருக்கிறார்கள் சிஸ்டர். அது பழகிய கை.

நான் மேலே போன கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டேன். “அம்மிணி, அவ மூச்சு இருக்குதா?”

அவள் கண்ணை விரித்தாள். “அய்யோ தாத்தா. பேசிக்கிட்டே இருக்காங்க. நீங்க காலையில இருந்து சாப்பிடலன்னு எங்களைப் போட்டு வையறாங்க.”

கை இறங்கிவிட்டது. கைநாட்டு வைத்தேன். மையைத் துடைக்க அவள் பஞ்சு கொடுத்தாள். கையை ஓங்கியதற்கு அவளிடம் எதையாவது சொல்ல நினைத்தேன், அதற்குள் அவள் இன்னொரு கவரோடு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு ஆள் எழுந்து நின்றான். நானும் எழுந்து, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்காரி இப்போது கட்டிலில் இருக்கிறாள். தாலி அவள் கழுத்தில் ஏறிவிட்டது. கை என்னிடம்தான் இருக்கிறது. வயசாகியும் அது மூடிக்கொள்வதை நிறுத்தவில்லை. மூடும்போதெல்லாம் வலது காதைச் சாய்த்துக்கொண்டு நீங்கள் எதிரில் உட்கார்ந்துவிடுகிறீர்கள். நீங்கள் காத்திருக்கிறீர்கள், அதனால் நானும் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் கையை என்ன செய்வது என்று பார்க்கிறேன்.